மூன்றாம் கோடு

நோயாளியின் பின்னணி என்று அச்சடித்த இடத்தில்
ஒரே ஒரு சொல்: இருமல்.
எழுத்து வலப்பக்கம் சரிந்து கோட்டைவிட்டு இறங்குகிறது.
எழுதிய பிள்ளை முப்பது மணி நேரம் தூங்கவில்லை என்பதற்கு
வேறு சோதனை தேவையில்லை.

திரையில் சவாஹிர், ஐம்பத்து நான்கு வயது,
கழுத்திலிருந்து ஈரல் வரை மெல்லிய சீவல்களாக.
இரண்டு நுரையீரலிலும்
குளியலறை ஜன்னலின் தேய்த்த கண்ணாடி மாதிரி ஒரு மங்கல்.
அப்பால் யாரோ நிற்கிறார்கள்.
யாரென்று கண்ணாடி சொல்லாது.

கிருமியாக இருக்கலாம். இரத்தக் கசிவாக இருக்கலாம்.
போன மாதம் விழுங்கிய ஏதோ மாத்திரையாக.
“இருக்கலாம்” என்று ஆறு தடவை எழுதி
ஆறையும் அழித்தேன்.

வார்ட்டுக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை.
லிப்டும் வேலை செய்யவில்லை.
மூன்று மாடி ஏறி, சாரல் நனைத்த நடைபாதையில்
ஒழுக்குக்கு வைத்த வாளியைத் தாண்டி

“சிகரட்?”
“குடிக்கிறல்ல டொக்டர்.”
“வேலை?”
“புறக்கோட்டையில செருப்புக் கடை.”
“வீடு?”
“மாளிகாவத்தை பிளெட்.
கண்டிக்கு மகள்ட வீட்ட போனா ரெண்டு நாள்ல இருமல் நிக்கும்.
ஏன்டு தெரியா.”
பிறகு, மனைவி கேட்டுவிடக் கூடாது போல:
“மொட்டமாடியில அறுவது புறா ஈக்கி.”

திரும்பி வந்து பார்த்தேன்.
படத்தில் ஒரு புள்ளியும் நகரவில்லை.
ஆனால் அந்த மங்கலில் இப்போது சிறகுத் தூள்,
காய்ந்த எச்சம், சுபஹுக்குப் பிறகு
கூட்டைச் சுரண்டக் குனிந்த ஒரு மனிதன்
உள்ளே இழுக்கும் மூச்சு.
“இருக்கலாம்” இல்லாமல் எழுதி முடித்தேன்.

கையெழுத்து வைக்கும்போதுதான்,
செருப்பு ஒட்டும் பசை?
கேட்கவில்லை.
முதல் புறா பறந்ததுமே
என் காது மூடிக்கொண்டுவிட்டது.

அடுத்த படம். கொட்டாஞ்சேனை, பெண், முப்பத்தொன்று.
பெயரைக்கூட முழுதாய் வாசிக்கவில்லை,
அவள் நெஞ்சிலும் இரண்டு புறா
எனக்குத் தெரிந்தன.

எழுந்து போய் முகம் கழுவினேன்.
படிவத்தைக் கவிழ்த்து, தேநீர்க் கோப்பையை மேலே வைத்து
வெறும் சாம்பல் நிறங்களை
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே,
யாருமில்லாத ஒருத்தியைப் போலப் பார்த்தேன்.
கண்டதைக் குறித்துக்கொண்டேன்.
அதன் பிறகே படிவத்தைத் திருப்பினேன்.

மூன்றாம் கோட்டில்
ஒரு சொல்கூட இல்லை.

லிப்ட் இன்னும் திருத்தவில்லை.
சவாஹிரிடமும் பசையைப் பற்றிக் கேட்க வேண்டும்.