பிறகு

ஒரு விளையாட்டில் ஈ அழுத்தினால் கதவு திறக்கும்.
இன்னொன்றில் அதே ஈ
கையெறி குண்டு.
நேற்று கதவைத் திறக்கப் போய்
கூட்டாளிகள் மூன்று பேரோடு செத்தேன்.
ஈ என்றால் கொடு என்று படித்தவன்,
கொடுத்துவிட்டேன்.

எல்லா விளையாட்டுக்கும் ஒரே சட்டம் வேண்டுமென்று
ராணிப்பேட்டை கம்பெனி பஸ்ஸில் தினமும் புலம்புவேன்.
கஜபதிக்கு மட்டும் புரியும்.
அவன் வண்டியில் கியர் நாலும் முன்னால் மிதிக்கணும்,
மச்சான் வண்டியில் ஒன்று கீழே, மற்றதெல்லாம் மேலே.
இரவல் வாங்கிப் போய்
பாலாற்றுப் பாலத்தின் நடுவில்
நியூட்ரலில் உறுமிக்கொண்டு நின்றவன் அவன்.

தொரப்பாடியில் மாடி போர்ஷன். ஒரே கம்ப்யூட்டர்.
எனக்குப் பகல் ஷிப்ட்,
ஜெசிந்தாவுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி.
ஏழே காலுக்கு நான் பூட்டும் பூட்டை
எட்டு மணிக்கு அவள் திறக்கிறாள்.
படுக்கும் முன் அரைமணி நேரம் ஆடுவாள்.

இடதுகைக்காரி.
மேலே பார்க்க மௌஸைக் கீழே இழுப்பாள்.
ராத்திரி நான் உட்கார்ந்து
வானத்தைப் பார்க்கலாமென்றால்
திரையில் என் பூட்ஸ் தெரிகிறது.
பகலெல்லாம் பூட்ஸ் ஒட்டுகிறவனுக்கு
இங்கேயும் பூட்ஸ்.

செட்டிங்ஸுக்குள் போய் ஒவ்வொன்றாய்த் திருப்பி வைப்பேன்.
விடிந்ததும் அவள் திருப்புவாள்.
சண்டை போட ஞாயிறு ஒன்றுதான்,
அன்றைக்குத் துணி துவைக்க வேண்டும்.

திருப்பித் திருப்பி
படிக்கக் கற்றுக்கொண்டேன்.
மௌஸ் வேகம் அறுபது என்றால் வார்டில் கூட்டமில்லை.
முப்பதுக்கு இறங்கியிருந்தால்
பன்னிரண்டு கட்டிலுக்கு ஒருத்தியாக நின்றிருக்கிறாள்.
கத்திரி வெயிலில் ஒருநாள்
சத்தம் பூஜ்யம்.
இசை, துப்பாக்கி, காலடி எல்லாமே பூஜ்யம்.
எந்தக் கட்டிலென்று நான் கேட்கவில்லை.
எதையும் திருப்பி வைக்கவுமில்லை.
அவள் விட்டுப்போனபடியே
தலைகீழாக, ஓசையில்லாமல் ஆடி
பதினோரு தடவை செத்தேன்.

போன வாரம் அப்டேட் வந்தது.
இனி ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு செட்டிங்ஸ்.
எந்த விளையாட்டுக்குப் போனாலும்
அது கூடவே வருமாம்.
நான் கேட்ட சட்டமேதான்.
ஜெயிச்சிட்டியே என்றான் கஜபதி.

இரண்டு பொத்தான்கள்.
இப்போதே.
பிறகு.
அன்றைக்கு இரண்டாவதை அழுத்தினேன்.

இன்று திரை சொல்கிறது,
இது நான்காவது நினைவூட்டல்.
நான் அழுத்தியது ஒரு தடவைதான்.

மௌஸ் வேகம் பார்க்கிறேன்.
நாற்பத்தெட்டு.
பரவாயில்லை.