காற்புள்ளி

ஸாக்ரெப் நகரத்து ஜூலையில்
ஏ.சி. குளிர் எலும்பைத் தொடும் ஆறாவது மாடி.
பயிற்சிக்குப் போன எனக்கு முதல் வேலை
ஓர் எக்செல் கோப்பு.
இருபத்திரண்டாயிரம் வரிசை.
வரிசைக்கு ஒரு நோயாளி, பெயர் இல்லாமல்.

சராசரிக் காத்திருப்பு, மணிக்கணக்கில்: 2,875.

இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து மணி நேரமா!
பதறிப்போய்ச் சிவப்பு பூசி
முதல் ஸ்லைடிலேயே வைத்தேன்.
டோமகோய் சிரித்த சிரிப்பில்
காப்பி இயந்திரத்தருகே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
"இங்கே காற்புள்ளிதான் தசமப்புள்ளி.
மூன்று மணிக்கும் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.
நூற்றிருபது நாள்
எவராவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரா?"

அன்றிலிருந்து என் பெயர் ஸாரெஸ்.
அவர்கள் மொழியில் காற்புள்ளி.

அடுத்த வாரம் நிறுத்துகடிகாரத்தோடு
மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.
ஸ்கேன் பிரிவு நடைபாதை.
பச்சை நாற்காலி பதினான்கு, ஒன்று உடைசல்
(அதையும் குறித்தேன்).
டோக்கன் கிழிபடும் நொடியில் பொத்தானை அழுத்து,
கதவு திறந்ததும் மறுபடி அழுத்து.
நடுவில் கிடப்பது காத்திருப்பு.
மிச்சம் எங்கள் கணக்கில் வராது.

எண் நாற்பத்தேழு ட்ராம் ஓட்டுநர்.
சீருடையோடே வந்திருந்தாள்,
நீலச் சட்டையில் பெயர்ப்பட்டை: டுன்யா.
என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள்.
கூச்சத்தை மறைக்கக் காற்புள்ளிக் கதையைச் சொன்னேன்;
யாரிடம் சொன்னாலும் எடுபடும் கதை.
சிரித்தாள்.
பிறகு கைப்பையிலிருந்து
நாலாக மடித்த கடிதத்தை எடுத்து நீட்டினாள்.
நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறது,
ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று
குடும்ப மருத்துவர் எழுதியது.
தேதி மார்ச் பதினாறு.
உதடு மட்டும் அசைய
விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள்.
நானும் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன்.
அன்று ஜூலை பதினான்கு.

கதவு திறந்தது. அவள் எண்ணை அழைத்தார்கள்.
அழுத்தினேன்.
ஐம்பத்தொரு நிமிடம்.
சராசரியைக் கீழே இழுக்கும்
நல்ல எண்.

டோமகோயிடம் சொன்னேன்.
அவன் கெட்டவன் இல்லை;
பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டான்.
"கடிதம் எழுதிய நாளை யார் பதிவு செய்கிறார்கள்?
ஒப்பந்தம் வாசலில்தான் தொடங்குகிறது, ஸாரெஸ்."

ஆகஸ்டில் பெரும்புள்ளிகள் வந்தார்கள்.
புள்ளிவிவரம் திரையில் விழுந்தது:
2,875 இனி 1,9 ஆகும்.
கை தட்டினார்கள்.
நானும் தட்டினேன், ஸ்லைடு என்னுடையது.
அதன் அடியில் எறும்பளவு எழுத்தில்
'டோக்கன் எடுத்த பிறகு மட்டும்'
என்று சேர்த்திருந்தேன்.
அதைப் படிக்க
ஒருவரும் கண்ணாடியைத் தேடவில்லை.

கிளம்பும் நாளில்
ட்ராம் நிறுத்தப் பலகை இரண்டு நிமிடம் என்றது.
நீல வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம்
ஓட்டுநர் முகத்தைத்தான் பார்த்தேன்.
ஒரு மீசைக்காரர்.
தலை நரைத்த பெண்மணி.
இன்னொரு மீசை.
பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு
மூன்று வண்டிகளை விட்டேன்.
நான்காவதில் ஏறினேன், அதையும் அவள் ஓட்டவில்லை.

பயணச்சீட்டின் ஓரத்தில்
விமானத்துக்கு இன்னும் எவ்வளவு என்று
காலையில் நானே கிறுக்கியிருந்தேன்:
2,5 மணி.
கை தானாகவே
காற்புள்ளி போட்டிருக்கிறது.