விடுவிப்புக் கடிதம்

கணவருக்குப் பதினொரு நாளில் இடமாற்றம் வந்தது.
மின்சார சபை மத்திய அரசினுடையது.
மன்னாரில் ஓடிய அதே மின்சாரம்தான்
களுவாஞ்சிகுடியிலும் ஓடுகிறதாம்.
மானி வாசிக்க வந்தவரிடம் யாரும்
எந்த மாகாணத்தில் எண் படித்தீர் என்று கேட்கவில்லை.

நான் மாகாணத்துக்குரியவள்.
உளவளத்துணையாளர், தரம் இரண்டு,
ஒன்பது வருடம், நானூற்றுப் பதினேழு கோப்புகள்.
கிழக்கு ஏற்ற கடிதத்தைக் கண்டால்
வடக்கு என்னை விடுவிக்கும்.
வடக்கு விடுவித்த கடிதத்தைக் கண்டால்
கிழக்கு என்னை ஏற்கும்.
நீங்கள் முதலில், இல்லை, நீங்கள் முதலில் என்று
ஒரே வாசலில் இரண்டு கனவான்கள்.
நிலைக்கதவில் நசுங்கிக்கொண்டு நான்.

"மிஸிஸ் லெம்பேட்,
உங்கட டிப்ளோமாவில பயிற்சி அறுநூறு மணித்தியாலம்.
எங்கட சுற்றறிக்கையில எழுநூற்றி இருபது."
ஜெமீல் நல்லவர். கதிரையைத் துடைத்துவிட்டுத்தான் சொன்னார்.
கோப்பு திருகோணமலைக்குப் போகும்,
அங்கிருந்து கேள்வியாகத் திரும்பும்,
அதுவரை நீங்கள் யாரையும் பார்க்கக் கூடாது, என்ன,
பொறுப்பு எங்களுக்கு வரும்.

குறைகிற நூற்றிருபது மணித்தியாலத்தை
பஸ் தரிப்பிடத்தில் நின்று தேடினேன்.
பேசாலையில் ஒருவர்,
தம்பியில்லாமல் கடலிலிருந்து திரும்பியவர்,
நாலு வெள்ளிக்கிழமை என் முன்னால் இருந்து
டீசல் விலையைத் தவிர வேறொன்றும் பேசவில்லை.
ஐந்தாம் வெள்ளி
தம்பியின் செருப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.
அந்த நாலு வெள்ளியை
எந்தப் படிவத்தில், எந்த நிரலில் எழுதியிருப்பேன்?

மூன்றாம் முறை போனபோது
வாங்கில் பக்கத்தில் இருந்தாள் கோமளவதி.
மண்டூரிலிருந்து பாதையில் வந்தவள்.
இங்கே பாதை என்றால் நீரில் மிதப்பது;
நெல்மூட்டை, மோட்டார் சைக்கிள், ஆட்கள் எல்லாவற்றையும்
அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போவது.
கணவனின் மரணச் சான்றிதழில்
பெயருக்கு ஒரு கொம்பு குறைகிறதாம்,
திருத்த வந்திருக்கிறாள்.

அவளாகத்தான் தொடங்கினாள்.
நான் இங்கே வேலையில் இல்லை என்றேன்.
"அதுக்கென்ன கா, நானும் வேலயில்லாமத்தான் இரிக்கன்."

செவ்வாய்க்கிழமைகளில் கடன்காரர் வருவார்கள்.
அவள் குசினியில், கதவுக்குப் பின்னால், மூச்சடக்கி.
வாசலில் மகன் நின்று சொல்வான்: அம்மா இல்ல.
ஆறு வயது. நன்றாகச் சொல்வான்.
இப்போது கடன்காரர் வராத நாளிலும்,
அவள் முற்றத்தில் உடுப்புக் காயப்போடும்போதும்
சும்மா இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்:
அம்மா இல்ல, அம்மா இல்ல.
"மறுகா..." என்றாள்.
நின்றுவிட்டாள்.

எனக்குத் தெரிந்த இடம் அது.
எங்கள் ஊரில் பிறகு என்போம்.
ஒன்பது வருடம் பிறகு என்று கேட்டுக் கேட்டே
எத்தனையோ பேரின் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தவள்.
சுவரில் சுற்றறிக்கை. கண்ணாடிக்குப் பின்னால் ஜெமீலின் தலை.
வாய் தானாகவே சொன்னது:
"மறுகா?"

இந்த மாகாணத்தில் என் முதல் சொல்.
உச்சரிப்பு பிழைத்திருக்க வேண்டும்.
நிமிர்ந்து பார்த்தாள், சிரித்தாள்,
"நீங்க எந்தூர் கா?"
பிறகுதான் அழுதாள்.

முப்பத்தெட்டாம் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.
கொம்பு போட்டுக் கொடுத்தார்களா தெரியாது.
கொப்பியைத் திறந்து திகதி எழுதினேன்,
கோப்பிலக்கம் இல்லாததால் மூடினேன்.
நாற்பது நிமிடம்.
நூற்றிருபதில் கழிக்கலாமா என்று
ஜெமீலிடம் கேட்கவில்லை,
பாவம், அவருக்கும் மேலே ஆட்கள்.

குருமண்வெளியிலிருந்து கடைசிப் பாதை
எத்தனை மணிக்கு என்று மட்டும்
கேட்டு வைத்தேன்.
செவ்வாய்க்கிழமைகளில்.