முப்பத்தொன்று

திபிலிசி. பதினாறு மாடி.
காசு போட்டால்தான் அசைகிற லிஃப்ட்.
கூரை ஒழுகுகிறது, கூடிப் பேசுவோம் என்று
ஆறு முறை அறிவிப்பு ஒட்டினேன்.
ஆறு முறையும் வந்தது நான், நாற்காலிகள்,
அப்புறம் தவறாமல் மெஸெவினார்.
கீழ்வீட்டுக்குக் கூரை எதற்கு?
மேல்வீட்டுக்கு நிலவறைச் சாக்கடை எதற்கு?
"அவரவர் பாடு" என்பார் நுக்ஸார்,
சந்தா பாக்கி பதினான்கு மாதம்.

நேற்று மின்சாரம் போய்
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே நின்றது லிஃப்ட்.
உள்ளே பொருளாளர் த்ஸியாலா,
மடியில் ரசீதுப் புத்தகம்.
பக்கத்தில், நழுவ வழியில்லாத நுக்ஸார்.

தட்டும் சத்தத்துக்கு ஒரு கதவு திறந்தது.
ஒரு மெழுகுவர்த்தி. இன்னொரு கதவு.
ரொட்டியை மெலிதாய் அறுத்து
இடுக்கு வழியே நுழைத்தாள்
பன்னிரண்டாம் மாடிப் பெண்.
அவள் பெயர் தெக்லே என்பதே
மூன்று வருடத்தில் இப்போதுதான் தெரியும்.

படிக்கட்டில் தலைகளை எண்ணினேன்.
இருபத்தொன்பது.
தீர்மானத்துக்கு வேண்டியது முப்பத்தொன்று.
பெட்டிக்குள் இரண்டு.

"கூரைக்குச் சம்மதமா?"
இருட்டில் கை தெரியாது, குரல் கொடுங்கள் என்றேன்.
மேலிருந்தும் கீழிருந்தும் வந்தன.
த்ஸியாலாவுடையது.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ரொட்டி மென்ற வாயோடு, தகரம் அதிர,
"சரி, சரி, எழுதிக்கொள்."

எழுதிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் பாதி பாக்கியைத் தந்தார்,
சில்லறையாக.
கூரை இன்னும் ஒழுகத்தான் செய்கிறது.
வாளி மாற்ற முறை வைத்திருக்கிறோம்.
செவ்வாய், வெள்ளி நுக்ஸார்.
இன்று செவ்வாய்.
வாளியோடு நான் ஏறிக்கொண்டிருக்கிறேன்.