பதினெட்டு கிலோ

போஜன் கொண்டுவந்த பச்சைத்தேயிலை நாற்பத்திரண்டு கிலோ.
நான் எழுதியது இருபத்துநான்கு.
சண்டைக்குத்தான் வந்தார்.
"தராசைப் பாரும்மா" என்றார்.
பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்தது,
அதன் பெயர்தான் வரவில்லை.
"குடையில சரியாத்தான் காட்டுது" என்றேன்.
சண்டையை அங்கேயே போட்டுவிட்டு
ஜீப்பைத் திருப்பினார் மனிதர்.

மூன்று நாளாய்த் தலைவலி, காய்ச்சல்.
பனி என்றார்கள் கொட்டகையில்.
என் உதடு நீலிப்பதற்கும் முப்பத்தொரு வருடமாய்
பனியைத்தான் சொல்லிவந்தோம்,
பெண் பார்க்க வந்தவர்களிடமும்.
பள்ளிக்கூட மேட்டில் பாதியில் நான் குந்திக்கொண்டால்
அதற்குப் பெயர் சோம்பல்.
நீலமலையில் நீலப் பெண்ணா என்றார் கோவை டாக்டர்.
பழைய ஜோக் சார் அது.
அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஸ்கேன் உறையின் பின்பக்கம் அண்ணனுக்கு வரைந்து காட்டினார்:
"குஞ்சப்பனை செக்போஸ்ட் தெரியுமில்லையா?
பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டுதான்
மேலே விடுவார்கள்.
நுரையீரலுக்கும் அந்த வேலை உண்டு.
இவங்க இதயத்தில் பிறவியிலேயே ஓட்டை.
கொஞ்சம் ரத்தம் சாவடிப் பக்கமே போகாமல்
குறுக்குவழியில் தலைக்கு ஏறிவிடுகிறது,
கிருமியோடு.
சமீபத்தில் பல் ஏதாவது?"

பல்.
சித்திரையில் பிடுங்கிய கடைவாய்ப் பல்.
கோத்தகிரி பல் டாக்டர் கேட்கத்தான் செய்தார்,
வேறு வியாதி உண்டா என்று.
இல்லை என்றேன்.
பழகிப்போன மறைப்பு
பொய் மாதிரி நாக்கில் உறுத்துவதில்லை.
கதவுக்கு வெளியே வீட்டுக்காரர் நின்றிருந்தார்.
விரல் நுனி தடித்து
மோதிரம் ஏறாமல் போன கல்யாணத்தன்றுகூட
அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மண்டையில் காசளவு துளை.
மூன்று ஸ்பூன் சீழ் என்றாள் நர்ஸ்,
சமையல் குறிப்பு சொல்வதைப் போல.
ஆறு வாரம் ஊசி.
தினமும் ஒரு பெண் வந்து பொருளைக் காட்டிப் பெயர் கேட்பாள்.
சாவி. கடிகாரம்.
சீப்பைப் பார்த்து 'ரம்பம்' என்றபோது
வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார்.
திரும்பி வந்து
என் தலையின் மழித்த பக்கத்தைத் தொடாமல்
மிச்ச முடியைச் சீவிவிட்டார்.
"இது ரம்பம்தான்" என்றார்.

ஐப்பசியில் கொட்டகைக்குத் திரும்பினேன்.
ஏறும்போது இரண்டு இடத்தில் குந்தினேன்,
எல்லாரும் பார்க்க.
போஜன் கணக்கில் பதினெட்டு கிலோ வரவு வைத்தேன்.
"அதை விடும்மா" என்றார்,
விடாமல் கையெழுத்தும் போட்டார்.

உத்தரத்தில் தொங்கும் அந்த இரும்பை
எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன்.
வாய் மட்டும் இன்னும் குடை என்றுதான் போகிறது.
கூடை இறக்கும் பெண்களும் இப்போது
குடையில போடு, குடையில போடு என்கிறார்கள்.
மழை நாளில்தான் கொஞ்சம் குழப்பம்.