ஒன்றரைக் கட்டை

செல்லோ வாசித்த ஆசீர் மஸ்கட் போனபின்
எண்ணிப் பார்த்தோம்:
வயலின், வயலின், வயலின், வயலின்.
வேப்பேரியில் டைல்ஸ் கடை மாடியில்
ஞாயிறு மூன்று மணிக்கு
நாலு பேரும் மேல்வீட்டுக்காரர்கள்.
கீழ்வீடு காலி.

வியோலாவுக்கு ஆள் தேடித்
தாம்பரம் வரை போன ரொசாரியோ
ஒரு வியோலாவைக் கண்டுபிடித்தார்,
ஆளை அல்ல.
கல்யாண ஆல்பங்களுக்கு அடியில்
கம்பியில்லாமல் கிடந்ததாம்.

சரி, வயலினுக்கு மட்டும் என்ன இருக்கிறது?
அண்ணா சாலைக் கடைக்காரர்
பியானோ பரீட்சைப் புத்தகம் இரண்டை எடுத்து வைத்து
"இதுவும் மியூசிக்தானே சார்" என்றார்.
தன் பள்ளியின் அலமாரிச் சாவிக்காக
எப்சிபா மூன்று வாரம் நடந்தாள்.
உள்ளே பாச்சை உருண்டை,
பரிசளிப்பு விழா நிரல்கள்,
ஒற்றைக் கையுறை.

இரண்டு வயலினுக்கு ஏராளம் இருக்கிறது.
உலகம் ஜோடிகளுக்காகத்தான் எழுதி வைத்திருக்கிறது.
மூன்றுக்குக் கொஞ்சம்.
நாலுக்கென்று எப்போதோ ஒரு ஜெர்மன்காரர்
பாஸ் வேண்டாம், நாங்களே போதும் என்று எழுதியது
ஜெராக்ஸின் ஜெராக்ஸாக எங்களிடம் வந்தது.
இரண்டாம் பக்கத்தில் யாரோ சிந்திய டீத்துளி
கறுத்து, கோட்டின் மேல் நோட்டாகியிருந்தது.
இளம்பரிதி அதையும் வாசித்தான்.
மோசமாக இல்லை. விட்டுவிட்டோம்.

ஆறு மாதம் அதையே வாசித்தோம்.
அழகுதான், மறுக்கவில்லை.
ஆனால் ஜி கம்பிக்குக் கீழே
கால் வைக்க இடமில்லை.
எழும்பூர்ப் பக்கம் போகும் மின்ரயிலை
எங்கள் பாஸ் என்று இந்த இடத்தில் எழுதலாம்.
எழுத மாட்டேன்.
ரயில் சுருதியில் இல்லை.

குமுதவல்லி வந்தது டைல்ஸ் வாங்க,
குளியலறைக்கு, வழுக்காத ரகமாக.
சத்தம் கேட்டுப் படியேறி வந்தவர்
"எல்லாரும் எதுக்கு இவ்ளோ ஒசரத்துலயே நிக்கறீங்க?" என்றார்.
பதினெட்டு வருடமாக ஆண் பாடகர்களுக்கே
பக்கவாத்தியமாம்.

அடுத்த ஞாயிறு
எங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே
பாய் விரித்துச் சம்மணமிட்டு,
வயலினின் சுருள்தலையைக் கணுக்காலில் ஊன்றி,
தடித்த கம்பியை ஒருமுறை இழுத்தார்.

ஒன்றரைக் கட்டை. மந்திர ஸட்ஜம்.
எங்கள் ஜி முடிந்து போகிற இடத்திலிருந்து
நாலு படி கீழே.
அதே மரம், அதே நாலு கம்பி.
ரொசாரியோ எழுந்து போய்
மின்விசிறியை அணைத்துவிட்டு வந்தார்.

பிறகு அரைக் கட்டைக்காக அரை மணி நேரச் சண்டை.
ஒன்றரை என்றால் எங்களுக்கு ஏழு ஷார்ப்.
"ஒண்ணுக்கு இறக்குங்கம்மா."
"இறக்கினா கம்பி தொளதொளன்னு ஆயிடும். நீங்க ஏறி வாங்க."
எப்சிபாவின் முகத்தைப் பார்த்துத்தான்
கடைசியில் இறக்கினார்.

கீழ்வரியே இல்லாத ஒன்றுக்குக்
கீழ்வரி எழுதுவது என் வேலையாயிற்று.
எழுதியதை ஸரிகமவாக மாற்றி,
கார்வைக்குக் கால்புள்ளி, அரைப்புள்ளி இட்டு,
கோடு போட்ட நோட்டில் கொடுத்தேன்.
"ஸா, பா, ஸா, பா... இதுக்கு என்னை எதுக்கு?
ஒரு தம்புரா பெட்டி வாங்கிக்கலாமே."

கிழித்து, மறுபடி எழுதினேன்.
இப்போது கீழ்வீட்டில் யாரோ நடக்கிறார்கள்,
இடையில் நின்று,
மறந்துவிட்ட எதையோ எடுக்கத் திரும்புகிறார்கள்.
அவர் ரிஷபத்தைக் கொஞ்சம் அசைத்தாலும்
மேலே நாலு பேரும் வழுக்குகிறோம்.
"அசைக்காமப் பிடிங்களேன்."
"அசையாம அது எப்படிப்பா ரி ஆகும்?"
இதற்கு என்னிடம் பதில் இல்லை.
வாராவாரம் கேட்டுக்கொள்கிறோம்.

ஐந்து வயலினுக்கென்று எங்களிடம் இருப்பது
இப்போதைக்கு நாலரை நிமிடம்.
அவர் குளியலறையும் இன்னும் முடிந்தபாடில்லை.

அந்த டீத்துளியை அழிக்கவில்லை.
அதற்கு நேர் கீழே
ஒரு தைவதம் வைத்திருக்கிறேன்.