பதினாலுக்கு ஒன்று

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
வின்னிபெக்கில் ஒரு பள்ளிக்கூட ஜிம், வியாழன் இரவு.
தரையெங்கும் கோடுகள்:
மஞ்சள் கூடைப்பந்துக்கு, நீலம் கைப்பந்துக்கு,
நமக்கு வெள்ளை என்றாள் மாரிசெல்.
அப்புறமும் நான் நீலத்திலேயே நின்றேன்.

மட்டையோடு கைகுலுக்கு. நசுக்காதே.
நேர்முகத் தேர்வுகளுக்கு எனக்குச் சொல்லிக் கொடுத்தது
இதற்கு நேர் எதிர்.

இடுப்புக்குக் கீழே வைத்து அடி,
இறகைப் பார், என்னைப் பார்க்காதே.
பார்த்தேன். வீசினேன்.
இறகுப்பந்து என் ஷூவுக்குப் பக்கத்தில்
ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது.
"ஸாரி."

அடுத்தது கூரை விளக்கின் கம்பிக் கூண்டில். "ஸாரி."
அதற்கடுத்தது பக்கத்து ஆட்டக்காரரின் முதுகில்.
அவருக்கொன்று, இவளுக்கொன்று.

இனி நீ சொல்லும் ஒவ்வொரு ஸாரிக்கும்
எனக்கொரு புள்ளி என்றாள்.
பதினாலு–சைபர் ஆக
எட்டு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை.

பிறகு அந்த ஒன்று.
வலையின் வெள்ளை நாடாவில் ஏறி உட்கார்ந்து
போகலாமா வேண்டாமா என்று யோசித்து
அந்தப் பக்கம் விழுந்தது.
பாய்ந்து வந்தாள், முழங்கால் தரையில் தேய.
எட்டவில்லை.

"ஸாரி" என்றாள், மூச்சிரைக்க.

நான் வாயைத் திறக்கவில்லை.
ஒரு விரலை மட்டும் உயர்த்தினேன்.